வளைவுக்கு முன் மணி அடியுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது யானையைப் பற்றித்தான். அடுத்தது சிறுத்தை. நான் நாய், காளை, காட்டுமாடு என்று ஆரம்பித்தால் கேட்கிறவர் முகத்தில் ஆர்வம் குறைந்துவிடும். ஆனால் இந்தப் பக்கத்துச் சாலைகளில் எனக்கு மூச்சடைத்துப் போன நேரங்களை நினைத்துப் பார்த்தால், எதிரே நின்றது எந்த மிருகம் என்பது இரண்டாம் பட்சம். நான் வருகிறேன் என்பது அதற்கு எப்போது தெரிந்தது என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்திருக்கிறது.

நடந்து போகிறவனின் காலடி மிருகத்துக்குக் கேட்கும், அவனும் மெதுவாகத்தான் வருவான். பைக்கோ ஜீப்போ வந்தால் இரண்டு வளைவுக்கு முன்பே இரைச்சல் வந்து சேர்ந்துவிடும். சைக்கிள் இரண்டிலும் சேராது. இறக்கத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் சாதாரணமாக வரும், சத்தம் மட்டும் கிடையாது. ஒவ்வொரு மிருகத்துக்கும் தன்னைச் சுற்றி ஒரு தூரக் கணக்கு இருக்கிறது. நாம் தூரத்தில் தெரிந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும். கொஞ்சம் நெருங்கினால் விலகிப் போகும். அதற்கும் உள்ளே திடீரென்று போய் நின்றால் ஒன்று ஓடும், இல்லையென்றால் நம் மேல் வரும். சைக்கிள் நம்மை நேராக அந்தக் கடைசி வட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ஓடுவதா, விலகுவதா என்று முடிவெடுக்க அந்த மிருகத்துக்கு நேரமே தராமல்.

இங்கே இது ஏன் அதிகம் என்றால், ஊர் அமைந்திருக்கிற விதம் அப்படி. மேற்கே மலை ஏறினால் கேரளம், அங்கே 925 சதுர கிலோமீட்டரில் பெரியார் புலிகள் காப்பகம். கிழக்கே மேகமலை, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. நடுவில் கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என்று நெல்லும் வாழையும் திராட்சைப் பந்தலும் தென்னையும். மேலே கேரளத்துக்குப் போக எங்களுக்கு மூன்று வழிகள்: கூடலூர், லோயர்கேம்ப் தாண்டி குமுளி; கம்பத்திலிருந்து கம்பமெட்டு; வடக்கே போடியிலிருந்து போடிமெட்டு. விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் இந்த வழிகளில்தான் ஏறும். சைக்கிள்காரர்களுக்கும் அதே நேரம்தான் பிடிக்கும், வெயில் இருக்காது, லாரி இருக்காது. மிருகங்களும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி மேலே ஏறுவது அந்த நேரத்தில்தான்.

முதலில் நாயைப் பேசிவிடுகிறேன். மலைக்குப் போகாதவர்களுக்கும் உதவும்.

எங்கள் பகுதியில் ஒரு பால்காரர் பழைய கனமான சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்டுக்கொண்டு தினமும் நாலரை மணிக்குப் போவார். மட்கார்டு ஆடும், கேன் மூடி கடகடக்கும், செயின் கவர் உரசும். தெரு நாய்களில் ஒன்றுகூட அவரைப் பார்த்து எழுந்து நான் பார்த்ததில்லை. அதே தெருவில், அதே இருட்டில், நன்றாக எண்ணெய் போட்ட கியர் சைக்கிளில் நான் போனால் மூன்று நான்கு சேர்ந்து பாய்ந்து வரும். அவரிடம் இதைச் சொன்னபோது, "நான் வர்றது அதுகளுக்கு மேலத் தெருவுலயே கேட்டுரும் தம்பி. நீங்க திடீர்னு வந்து நிக்கிறீங்க, அது யாருன்னு நினைக்கும்?" என்றார். அவருடைய வண்டியின் அத்தனை ஓட்டைச் சத்தமும் அவர் வருகிறார் என்று முன்கூட்டியே தகவல் சொல்கிறது.

நாய் துரத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று அதன் எல்லை. இன்னொன்று, வேகமாக விலகிப் போகிற எதையும் விரட்டுகிற பழக்கம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. வேகமாக மிதித்தால் தப்பிக்கலாம் என்று தோன்றும், சில நேரம் தப்பிக்கவும் முடியும். ஆனால் அந்த ஓட்டத்தில் நாய் முன் சக்கரத்துக்கு நேரே வந்து விழுந்தால் நாமும் விழுவோம். நாய் சம்பந்தப்பட்ட சைக்கிள் விபத்துகளில் நான் கேள்விப்பட்டவை, பார்த்தவை எல்லாமே கடியைவிட விழுந்து அடிபட்டவைதான். நான் செய்வது இது: தூரத்திலேயே குரல் கொடுப்பேன், சாதாரணமாக மனிதரிடம் பேசுகிற மாதிரி. வேகத்தைக் குறைப்பேன். அப்படியும் வந்தால் நின்று, இறங்கி, சைக்கிளை எனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடப்பேன். சைக்கிளிலிருந்து இறங்கியதும் நாயின் முகமே மாறிவிடும். அதுவரை என்னவென்றே புரியாமல் இருந்த ஒன்று, தினமும் பார்க்கிற மனிதனாகிவிடுகிறது. குரைக்கும், ஆனால் ஒரு எட்டு பின்னால் போகும். அந்த எல்லை முடிகிற இடம் அதற்கே தெரியும், அங்கே நின்றுவிடும்.

இரண்டு நாய்களிடம் இது சரியாக வேலை செய்யாது. ஒன்று குட்டி போட்ட தாய். ஐப்பசியிலிருந்து தை வரை தெருவுக்குத் தெரு குட்டிகள் இருக்கும், மணல் குவியல், பாலத்தடி, மூடிக்கிடக்கிற கடையின் படிக்குக் கீழே. அது குரைத்து எச்சரிக்கக்கூட நிற்காது, நேராக வரும். அந்த மாதங்களில் அந்தத் தெருவையே மாற்றிக்கொள்வது நல்லது. இன்னொன்று கிடை நாய். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் ஆடு மேய்க்கிற கீதாரியின் நாய்கள் சுற்றிப் படுத்திருக்கும். வருவது மனிதனா நரியா என்பது அவற்றுக்கு முக்கியமில்லை, கிடைக்குப் பக்கத்தில் எதுவும் வரக்கூடாது. அங்கே நான் நாயோடு பேசுவதில்லை, கீதாரியைக் கூப்பிடுவேன். "அண்ணே, ரோட்டுல போறேன்" என்று ஒரு சத்தம். கட்டிலில் படுத்தபடியே அவர் ஒரு அதட்டல் போட்டால் போதும், அத்தனையும் அடங்கிவிடும்.

கடிபட்டால் என்ன செய்வது என்பதில் இன்னமும் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி என்று வைத்துக் கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். முதல் வேலை அதுதான். பிறகு அன்றைக்கே அரசு மருத்துவமனை. தோலுக்குள் போடுகிற தடுப்பூசி, முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்தால் 3, 7, 28 ஆகிய நாட்களில் தொடரும். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு ஊசியும் போடுவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்ட பிறகு பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். மூன்று ஊசி போட்டுவிட்டு "சரியாகிவிட்டது" என்று நான்காவதை விட்டுவிடாதீர்கள்.

காளை எங்கள் பகுதிக்கே உரிய விஷயம். தை பிறப்பதற்கு முன் சில மாதங்களாகவே ஜல்லிக்கட்டுக் காளைகளை விடியற்காலையில் சாலையில் நடத்திக்கொண்டு போவார்கள். பல்லவராயன்பட்டி, அய்யம்பட்டி வாடிவாசல்களுக்குத் தயாராகிற காளைகள். கயிறு பிடித்திருக்கிறவர் சின்னப் பையனாகவோ வயதானவராகவோகூட இருப்பார். அவரோடு அது குழந்தை மாதிரி நடக்கும். பின்னாலிருந்து சத்தமில்லாமல் ஒன்று சர்ரென்று பக்கத்தில் வந்தால் மட்டும் அந்தக் காளை வேறு காளையாகிவிடும். ஒருமுறை சின்னமனூருக்கு இந்தப் பக்கம் ஒரு பெரியவர் எனக்குச் சொன்ன வழியைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். "பின்னால வரும்போதே ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க. காளை காதைத் திருப்புச்சுன்னா உங்கள வாங்கிக்கிருச்சுன்னு அர்த்தம். அப்புறம் தள்ளிப் போங்க." காது திரும்புகிறதா என்று பார்ப்பது. எவ்வளவு எளிமையான அளவுகோல்! மலையில் காட்டுமாட்டிடமும் நான் இதையே பார்க்கிறேன்.

சரி, மலைக்கு வருகிறேன்.

லோயர்கேம்ப்பில் பெரியாறு அணைத் தண்ணீர் ராட்சசக் குழாய்களில் இறங்கி மின்சார உற்பத்தி நிலையத்துக்கு வருவதைப் பார்த்தபடி ஏற ஆரம்பித்தால், குமுளி வரை மரநிழல்தான். இறக்கத்தில் கை பிரேக்கிலேயே இருக்கும், கண் தார் மேலேயே இருக்கும். ஏறும்போது எல்லோரும் பயப்படுவார்கள், "மெதுவாப் போறோமே, ஏதாவது வந்தா எப்படித் தப்பிக்கிறது" என்று. எனக்கு ஏற்றத்தில் பயம் குறைவு. மூச்சு இரைக்கிறது, செயின் கியர் மாறும்போது முனகுகிறது, நானும் 8, 9 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஏறுகிறேன், எதற்கும் என்னைக் கவனிக்க நேரம் கிடைக்கிறது. இறக்கம்தான் ஆபத்து. அந்த ஐந்தாறு கிலோமீட்டரில் கால் அசையாது, மூச்சு இரைக்காது, வளைவுகள் ஒன்றை ஒன்று மறைக்கும்.

மழைக்காலம் ஒன்றில் குமுளியில் டீ குடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். இரைச்சல் பாலத்துப் பக்கம் தண்ணீர் பெருக்கெடுத்து விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்துக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை, பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் காதில் விழாது. மணி அடித்துக்கொண்டுதான் இறங்கினேன், அந்த மணி எனக்கே கேட்கவில்லை. அடுத்த வளைவு திரும்பியதும் காட்டுமாடு.

ஒன்று நடுச்சாலையில், குறுக்காக. பெரிய ஆண். வளர்ந்த ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோ வரை இருக்கும் என்று படித்திருப்போம், ஆனால் எடையை எண்ணாகப் படிப்பதும் அதை ஈரச் சாலையில் இரண்டு பஸ் நீளத் தூரத்தில் பார்ப்பதும் வேறு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை, முதுகில் அந்தத் திமில் வரம்பு, கறுப்புத் தோலில் மழைத்தண்ணீர் வழிகிறது. அது என்னை நேராகப் பார்க்கவில்லை. உடம்பை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முதுகை உயர்த்திக் காட்டியது. காட்டுமாடு தன் அளவை எதிராளிக்குக் காட்டுகிற முறை அது. அடுத்து மூக்கு வழியாக விசில் மாதிரி ஒரு சீறல். கீழே தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கிளைகள் முறிகிற சத்தம். மற்றவை அங்கே இருந்தன.

அவை எதுவும் என்னை அந்த அளவுக்குக் கலங்கவைக்கவில்லை. என்னைக் கலங்கவைத்தது மலைப்பக்கச் சாக்கடையில், எனக்கும் அந்த ஆணுக்கும் நடுவே நின்ற ஒரு கன்று. செம்பழுப்பு நிறம், பிறந்து சில வாரம்தான் இருக்கும். மலைப்பக்கம் ஏற முடியாது, சாலையைத் தாண்டித் தாயிடம் போகவும் முடியாது, நடுவில் நான் வந்து நின்றுவிட்டேன். சுவருக்கு மேலே ஒரு பசுவின் தலை வந்தது. இரண்டு காதும் என் பக்கம்.

சைக்கிளை விட்டு இறங்கினேன். எனக்கும் அதற்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், பின்னால் ஏற்றத்தில் நடந்தேன். பேசிக்கொண்டே நடந்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. வளைவின் விளிம்பு வந்ததும் மேலிருந்து பஸ் இறங்குகிற சத்தம். நடுரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் காட்டி நிறுத்தினேன். டிரைவர் ஹாரனில் கை வைக்கவே இல்லை. பார்த்தவுடன் புரிந்துகொண்டு என்ஜினை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கன்னு எந்தப் பக்கம் இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மலைப்பக்கம் என்று காட்டினேன். "அப்ப அது தாண்டுற வரைக்கும் யாரும் அசையக்கூடாது" என்றார். பஸ்ஸில் இருந்தவர்களும் அசையவில்லை. கன்று தாண்டியது. பசு சுவருக்குப் பின்னால் மறைந்தது. அந்த ஆண் கடைசியாக, அவசரமே இல்லாமல் போனது.

அந்த டிரைவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஹாரன் அடித்திருந்தால் கன்று சாலையில் எந்தப் பக்கம் ஓடியிருக்கும் என்று சொல்ல முடியாது. நம் உயிர் ஒன்று, அந்தக் கன்றின் உயிரும் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்குகிற சரிவு. மிரண்டு ஓடுகிற மிருகம் அங்கே கால் முறிந்து விழுந்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, நாம் பாட்டுக்கு இறங்கிப் போய்விடுவோம். பயந்தது நாம் மட்டும் என்று நினைத்துக்கொள்வோம்.

அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் இருக்கிற இடங்களில் நடை வேகத்துக்கு வந்துவிடுகிறேன். இரைச்சல் பாலம், மாதா கோயில் வளைவு, மழைக்காலத்து ஓடை விழுகிற இடம் எதுவானாலும். மணி கேட்காத இடத்தில் வேகம் குறைவது ஒன்றுதான் வழி.

2016 ஜூன் மாதம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டுப் பாதையில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். மலைச் சைக்கிளில் வந்த ஒருவர் பார்வை மறைக்கிற வளைவில் திரும்பியபோது பாதையில் இருந்த பழுப்புக் கரடி மேல் நேராக மோதிவிட்டார். கரடி அவரைத் தாக்கியது, அவர் இறந்துபோனார். அவர் காட்டிலேயே வேலை செய்தவர், பழக்கமில்லாதவர் இல்லை. பிறகு விசாரித்தவர்கள் சொன்ன காரணங்கள் வேகம், சத்தமின்மை, மறைவான வளைவு. மனிதனுக்கும் கரடிக்கும் ஒன்றிரண்டு வினாடிகூடக் கிடைக்கவில்லை. நம் மலையில் பழுப்புக் கரடி இல்லை. தேன்கரடி இருக்கிறது. அதற்குப் பார்வையும் அவ்வளவாகப் போதாது, காதும் அவ்வளவாகப் போதாது. கறையான் புற்றில் மூக்கை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் யார் வந்தாலும் அதற்குத் தெரியாது. திடுக்கிட்டால் ஓடாது, எழுந்து முகத்தில்தான் அறையும். மலையடிவாரத் தோட்டங்களில் காவலுக்குப் போகிறவர்கள் ஏன் பாட்டுப் பாடிக்கொண்டு, தடியால் தட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்பது இதனால்தான். அவர்கள் மலையைப் பார்த்துப் பயந்து பாடுவதாகச் சிலர் சொல்வார்கள். அது சரியான தகவல் தெரிவிப்பு.

சத்தம் ஒரு பாதி, இன்னொரு பாதி வாசனை. யானைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். யானையின் பார்வை சுமார்தான், அது நம்மைக் கண்டுபிடிப்பது தும்பிக்கையால். அதனால் காற்று எந்தப் பக்கம் என்பது தெரியாமல் நான் மலை ஏறுவதில்லை. சாதாரண நாட்களில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்கும். வெயில் ஏறிய பிறகு சரிவு சூடாகி காற்று மேலே ஏறும். அதாவது பத்து மணிக்கு ஏறினால் என் வாசனை எனக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடும். ஐந்தரை மணிக்கு ஏறினால் மேலே நிற்கிற யானைக்கு நான் வருவதே தெரியாது. ஆடி மாதம் வந்தால் இந்தக் கணக்கும் மாறிவிடும். தென்மேற்குக் காற்று குமுளிக் கணவாய் வழியாக நாள் முழுக்கக் கீழே அடிக்கும். எந்த நேரத்தில் ஏறினாலும் எதிர்காற்றில்தான் ஏறுவோம், நம் வாசனை கம்பத்துக்குப் போகும், யானைக்குப் போகாது.

அப்படி ஒரு ஆடிக் காலையில்தான், லோயர்கேம்ப் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், யானையைப் பார்க்காமலேயே யானைக்குப் பக்கத்தில் நின்றேன். முதலில் வாசனை வந்தது. மாட்டுத்தொழுவத்தைவிடக் காட்டமான, புளித்த தழை வாசனை. பிறகு சாலையில் லத்தி, அதாவது யானைச் சாணம், அதிலிருந்து ஆவி அடங்கவில்லை. சாலையோரத்து மரத்தில் பட்டை உரித்த இடம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. நின்றேன். காற்றில் மரங்கள் இரைந்துகொண்டிருந்தன, வேறு எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. காற்று ஒரு நிமிடம் ஓய்ந்தபோது வலது பக்கப் புதருக்குள்ளிருந்து ஒரு உருமல் வந்தது. காதால் கேட்டதைவிட மார்பில் உணர்ந்தது அதிகம். யானைகள் தங்களுக்குள் பேசுகிற சத்தத்தில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி, மேலே எட்டுகிற கொஞ்சம்தான் இந்த உருமல். அது என்னைப் பார்த்து உருமவில்லை. அங்கே ஒன்றுக்கு மேல் இருக்கின்றன என்பது மட்டும் தெரிந்தது. அடுத்து காது விசிறுகிற சத்தம், பெரிய துணியை உதறுகிற மாதிரி.

எவ்வளவு தூரம் என்று இப்போதும் சொல்ல முடியாது. புதர் அசையவில்லை, சாம்பல் நிறத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பை அந்தப் புதர் எப்படி மறைத்தது என்று பிறகு பலமுறை அந்த இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறேன். யானை சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்று அளந்திருக்கிறார்கள். ஏற்றத்தில் அதற்கு எந்தச் சைக்கிளும் ஈடு கிடையாது. இங்கே மணி அடிப்பதும் தவறு, குரல் கொடுப்பதும் தவறு. அந்தத் தூரம் ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது. சைக்கிளைத் தூக்கித் திருப்பினேன், உருட்டினால் ஃப்ரீவீல் கடகடக்கும் என்பதால். பத்து இருபது எட்டு அப்படியே நடந்து, பிறகு ஏறி, பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினேன். லோயர்கேம்ப்பில் டீக்கடையில் சொன்னதும் கடைக்காரர் யாருக்கோ போன் போட்டார். கால் மணி நேரத்தில் வனத்துறை ஜீப் மேலே போனது.

யானையைப் பற்றி இங்கே யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை. 2023 மே 27 காலை அரிக்கொம்பன் கம்பம் நகரத் தெருக்களுக்குள் வந்தது எங்கள் கண்ணெதிரே நடந்தது. சின்னக்கானல் பகுதியில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற யானை. ஏப்ரல் மாதக் கடைசியில் அதைப் பிடித்துப் பெரியார் காப்பகத்தில் விட்டார்கள், ஒரு மாதத்துக்குள் எங்கள் ஊருக்கு இறங்கிவிட்டது. 144 தடை போட்டார்கள், கடைகள் மூடின, ஒருவர் அடிபட்டு இறந்தார். ஜூன் 5-ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து களக்காடு - முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த நாட்களில் அதன் பின்னால் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிய கூட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. தெரியாத ஊரில், தப்பிக்க வழி தெரியாமல் நின்ற மிருகம் அது.

போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, ஆனையிறங்கல், சின்னக்கானல் பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் கேளுங்கள். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்களில் நிறையப் பேர் நம் தமிழர்கள், தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். எந்த யானை எங்கே நிற்கிறது, நேற்று இரவு எந்தப் பக்கம் தண்ணீருக்கு இறங்கியது, இன்றைக்கு அதன் மனநிலை எப்படி, எல்லாம் தெரியும். சக்கைக்கொம்பன் என்று பெயர் சொல்லியே பேசுவார்கள். "அக்கா, ரோடு கிளியரா?" என்றால், "இப்பப் போகாதீங்க தம்பி, குட்டியோட மூணு நிக்கிது, அது ஏரிக்கு இறங்கட்டும்" என்று பதில் வரும். ஒருமுறை அப்படிச் சொன்ன அக்காவோடு சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். தூரத்தில் பச்சைக்கு நடுவே மூன்று சாம்பல் முதுகுகள், நடுவில் ஒரு சின்ன முதுகு, மெதுவாக ஏரியை நோக்கி இறங்கின. அந்த அக்கா வேலைக்குப் போக வேண்டியவர், தாமதமானால் கூலி குறையும். ஆனாலும் அவசரப்படவில்லை. தினமும் அவற்றோடு வாழ்கிறவர்கள் எப்போதும் நம்மைவிடப் பொறுமைசாலிகள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குரங்குக்குப் பயம் வேண்டாம், ஹேண்டில்பார் பையில் வாழைப்பழம் வேண்டாம். பாம்பு, மாலையில் தார்ச்சாலைச் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். வெளிச்சம் போன பிறகு நல்ல விளக்கு இல்லாமல் வயல் ரோட்டில் ஓட்டாதீர்கள். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். மலைத்தேனீ எழுந்துவிட்டால் கையை வீசாதீர்கள், முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். சிறுத்தையை இத்தனை வருடத்தில் சரியாகப் பார்த்ததே இல்லை, சாலையைத் தாண்டிய ஒரு வாலைத்தவிர. அது நம்மைப் பலமுறை பார்த்திருக்கும்.

பறவைகளும் உண்டு. கூட்டில் குஞ்சு இருக்கும்போது காகம் ஹெல்மெட்டில் வந்து கொத்துவது பலருக்கு நடந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் மேக்பை என்ற பறவைக்கு இதனால் நாடு முழுக்கப் பேர். அங்கே வசந்தம் வருகிற ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆண் பறவைகளில் சில, கூட்டுப் பக்கம் வருகிற சைக்கிள்காரர்கள் மேல் பின்னாலிருந்து பாயும். அதற்காக ஹெல்மெட்டில் முள்ளு முள்ளாக பிளாஸ்டிக் பட்டைகளைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். 2019-இல் அதனிடமிருந்து விலகப் போய் பாதையை விட்டு இறங்கி விழுந்து ஒருவர் இறந்தே போனார். அங்கேயும் விழுந்ததுதான் உயிரைக் குடித்தது, கொத்தியது இல்லை. அவர்களுக்குச் சொல்கிற அறிவுரையும் நம் தெரு நாய்க்குச் சொல்வதுதான்: இறங்கி நடந்து போ.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து சைக்கிள் குழுக்கள் நிறைய வருகின்றன. பார்க்க எனக்குச் சந்தோஷம். அவர்களிடம் கேட்பது கொஞ்சம்தான். காதில் இயர்போன் வேண்டாம். சைக்கிளில் இருக்கிற மணியைக் கழற்றி எடை குறைக்காதீர்கள், பித்தளை மணியானால் இன்னும் நல்லது, சத்தம் தூரம் போகும். குழுவாக இறங்கும்போது முதலில் போகிறவர் வளைவுக்கு முன்னால் குரல் கொடுக்க வேண்டும், பின்னால் வருகிறவர் இடைவெளி விட வேண்டும். கூட்டம் அவர் பின்னால் வந்து குவிந்தால் மிருகம் தப்பிக்கிற வழி அடைபட்டுவிடும். எதிரே வருகிற ஜீப் பகலில் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டால் அது வணக்கம் இல்லை, மேலே ஏதோ நிற்கிறது என்ற தகவல். நின்று கேளுங்கள், சொல்வார்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல் குமுளியிலிருந்தோ கம்பமெட்டிலிருந்தோ சைக்கிளில் இறங்காதீர்கள். ஏலத்தோட்ட வேலை முடிந்து ஆள் ஏற்றிக்கொண்டு திரும்புகிற ஜீப்புகள் அந்த நேரத்துக்கு வரிசையாக வரும். கை காட்டினால் நிற்பார்கள். மேலே கேரியரில் சைக்கிளைக் கட்ட அவர்களிடமே கயிறு இருக்கும். உள்ளே இருக்கிற அக்காமார்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் தருவார்கள், எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆச்சா என்று கம்பம் வரும் வரைக்கும் விசாரிப்பார்கள். டிரைவரிடம் கூலியைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.